ஹை ஃப்ளோ ஆக்சிஜன்: நோயாளியின் பக்கத்தில் உட்காரப் போகிறவர்களுக்கு

நிமோனியாவுக்காக அப்பாவைச் சேர்த்த இரண்டாம் நாள் இரவு, அவர் மூக்கில் இருந்த மெல்லிய குழாயை எடுத்துவிட்டு, விரல் தடிமனில் வேறொரு குழாயை மாட்டினார்கள். பக்கத்தில் ஓர் இயந்திரம், அதற்கு மேலே தொங்கும் தண்ணீர்ப் பை, திரையில் மூன்று எண்கள். "ஹை ஃப்ளோ போட்டிருக்கோம், பார்த்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு நர்ஸ் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். எதைப் பார்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. பதினொரு நாள் மருத்துவமனையிலும், அப்புறம் மூன்று மாதம் வீட்டிலுமாகத் தட்டுத் தடுமாறித்தான் ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டேன். அன்று இரவே யாராவது சொல்லியிருக்கலாமே என்று நான் ஏங்கியதை எல்லாம் இங்கே எழுதுகிறேன்.

நான் மருத்துவர் இல்லை. அதனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஆக்சிஜன் ஒரு மருந்து. குறைந்தாலும் கெடுதல், கூடினாலும் கெடுதல். இயந்திரத்தில் எந்த எண்ணையும் நீங்களாக மாற்றக் கூடாது. பார்ப்பது, குறித்து வைப்பது, நேரத்துக்குக் கூப்பிடுவது, இவைதான் உங்கள் வேலை. அதை ஒழுங்காகச் செய்தாலே பெரிய உதவி.

1. என்ன மாட்டியிருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

"ஆக்சிஜன் வைத்திருக்கிறார்கள்" என்று மட்டும் தெரிந்தால் போதாது. சாதனத்தைப் பொறுத்து எல்லாமே மாறும்.

சாதாரண மூக்குக் குழாய், அதாவது நேசல் கேனுலா, நிமிடத்துக்கு 1 முதல் 6 லிட்டர் வரை தரும். நாம் சுவாசிக்கும் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். இந்தக் குழாயில் ஒவ்வொரு லிட்டருக்கும் ஏறக்குறைய 4 சதவீதம் கூடும் என்பது நடைமுறைக் கணக்கு. 2 லிட்டரில் சுமார் 28, 6 லிட்டரில் சுமார் 44. நோயாளி எவ்வளவு வேகமாக மூச்சை இழுக்கிறார் என்பதைப் பொறுத்து இது ஏறி இறங்கும்.

சாதாரண முகக்கவசத்தை 5 லிட்டருக்குக் கீழே ஓட்டக் கூடாது. ஓட்டினால் வெளிவிட்ட காற்றே கவசத்துக்குள் தங்கி மறுபடி உள்ளே போகும். பை வைத்த முகக்கவசம் 10 முதல் 15 லிட்டரில் ஓடும். மூச்சை இழுக்கும்போதும் அந்தப் பை முழுவதும் சுருங்கிவிடக் கூடாது. சப்பிக்கிடந்தால் உடனே சொல்லுங்கள்.

ஹை ஃப்ளோ வேறு வகை. மூச்சுத் திணறும் ஒருவர் மூச்சை இழுக்கும் வேகம் நிமிடத்துக்கு 60 லிட்டரைக்கூடத் தாண்டும். அவருக்கு 6 லிட்டர் கொடுத்தால் மீதி முழுவதும் அறைக்காற்றாகவே உள்ளே போகும். ஹை ஃப்ளோ இயந்திரம் ஆக்சிஜனையும் காற்றையும் கலந்து, சூடாக்கி, ஈரப்படுத்தி, நிமிடத்துக்கு 60 லிட்டர் வரை அனுப்புகிறது. அவர் இழுக்கும் வேகத்துக்கு ஈடு கொடுப்பதால் கலவை நீர்த்துப்போவதில்லை. மூக்கு, தொண்டைப் பகுதியில் தேங்கும் கரியமில வாயுவையும் அது அடித்துக்கொண்டு போகிறது. நுரையீரல் சுருங்கிவிடாமல் ஒரு சிறு அழுத்தமும் கிடைக்கிறது. ஈரச்சூட்டால் சளி இளகும்.

அந்தச் சத்தத்தைக் கேட்டு நான் பயந்துபோனேன். சீறிக்கொண்டு காற்று போகும் சத்தம் அது. பெரும்பாலும் இயல்பானதுதான். அப்பாவுக்குத்தான் முதல் அரை மணி நேரம் கஷ்டமாக இருந்தது. "ஓடுற வண்டியிலே ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டின மாதிரி இருக்கு" என்றார். கையைப் பிடித்துக்கொண்டு, வாயை மூடி மூக்கால் இழுக்கச் சொன்னேன். பழகிவிட்டார்.

2. மூன்று எண்களையும் குறித்து வையுங்கள்

முதல் எண் காற்றின் வேகம், நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் என்று. இரண்டாவது அந்தக் காற்றில் ஆக்சிஜனின் சதவீதம். மருத்துவர்கள் இதை எஃப்.ஐ.ஓ.2 என்பார்கள். 21 முதல் 100 வரை இருக்கும். மூன்றாவது வெப்பநிலை. சில இயந்திரங்களில் 31, 34, 37 டிகிரி செல்சியஸ் என்று மூன்று நிலைகள் உண்டு.

நான்காவது எண் இந்தத் திரையில் இருக்காது, பக்கத்து மானிட்டரில் இருக்கும். அதுதான் எல்லோரும் சாச்சுரேஷன் என்று சொல்லும் எஸ்.பி.ஓ.2. நாங்கள் குடும்பமாகச் செய்த பெரிய தவறு இங்கேதான். யார் தொலைபேசியில் கேட்டாலும் "95 இருக்கு, நல்லா இருக்கார்" என்று சொல்லிக்கொண்டிருந்தோம். 40 சதவீத ஆக்சிஜனில் 95 என்பதும் 90 சதவீத ஆக்சிஜனில் 95 என்பதும் ஒன்றல்ல. எண் அப்படியே நிற்க, அதைப் பிடித்து நிறுத்த இரண்டு மடங்கு ஆக்சிஜன் தேவைப்படுகிறது என்றால் நோய் முற்றுகிறது என்று அர்த்தம். ஆகவே இரண்டையும் சேர்த்தே எழுதுங்கள்.

அவருக்கு எந்த அளவு இலக்கு என்று மருத்துவரிடம் முதல் நாளே கேளுங்கள். பெரும்பாலானவர்களுக்கு 94 முதல் 98 வரை போதும் என்பார்கள். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயால் கரியமில வாயு தேங்கும் அபாயம் உள்ளவர்களுக்கு 88 முதல் 92தான் இலக்கு. அவர்களுக்கு 99 காட்டினால் சந்தோஷப்படக் கூடாது. சொல்ல வேண்டிய விஷயம் அது.

விரலில் மாட்டும் கருவியும் ஏமாற்றும். விரல் சில்லிட்டிருந்தால், நகப்பூச்சு இருந்தால், கை நடுங்கினால் எண் தப்பாக வரும். கருத்த தோலில் உண்மையைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்பதும் ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. சந்தேகம் வந்தால் ரத்த வாயுப் பரிசோதனைதான் முடிவு சொல்லும். ஏ.பி.ஜி. என்று கேட்டால் புரியும். மணிக்கட்டுத் தமனியில் ஊசி போடுவார்கள், வலிக்கும். முன்கூட்டியே நோயாளியிடம் சொல்லிவிடுங்கள்.

3. கேனுலா சரியாக உட்கார்ந்திருக்கிறதா?

நாளெல்லாம் பக்கத்தில் இருக்கும் உங்கள் கண்ணில்தான் இது முதலில் படும்.

மூக்குக்குள் போகும் இரண்டு முனைகளும் வளைந்திருக்கும். வளைவு மூக்கின் உள்வளைவோடு ஒத்துப்போக வேண்டும். திருகி மாட்டினால் காற்று மூக்கின் சுவரில் மோதிப் புண்ணாகும். சாதாரண கேனுலாவில் குழாய் இரு காதுகளின் மேலும் சுற்றி, தாடைக்குக் கீழே வந்து, சறுக்கும் வளையத்தால் இறுகும். அந்த வளையத்துக்கும் தோலுக்கும் இடையில் விரல் நுழைய வேண்டும்.

ஹை ஃப்ளோ கேனுலா சிறியது, நடுத்தரம், பெரியது என்று அளவுகளில் வரும். முனை மூக்குத் துவாரத்தை முழுவதும் அடைக்கக் கூடாது. பாதி அளவுக்கு இருந்தால் சரி என்பது பொதுவான வழிகாட்டல். அடைத்துக்கொண்டால் வெளிவிடும் காற்றுக்கு வழியில்லை, மிகச் சிறியதாக இருந்தால் பயன் குறையும். அப்பாவுக்கு முதலில் மாட்டியது பெரியது. இருந்ததை மாட்டிவிட்டார்கள். மறுநாள் மூக்கோரம் சிவந்த பிறகுதான் கேட்டு மாற்றினோம்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை காதின் பின்பக்கம், கன்னம், மூக்கின் அடி ஆகியவற்றைப் பாருங்கள். சிவந்திருந்தால் பஞ்சுத் துணியோ மெத்துப் பட்டையோ கேளுங்கள். கனமான குழாயைத் தாங்க உடையில் மாட்டும் பிடிப்பு ஒன்று இருக்கும். அது மாட்டாமல் விட்டால் நோயாளி திரும்பும் ஒவ்வொரு முறையும் கேனுலா மூக்கிலிருந்து நழுவும். அப்பாவுக்கு இரவில் திடீரென்று 84 காட்டிய இரண்டு முறையும் காரணம் இதுதான். எண் இறங்கினால் நர்ஸைக் கூப்பிடுங்கள். அவர் வருவதற்குள் மூக்கிலிருந்து தொடங்கி இயந்திரம் வரை குழாயைக் கண்ணால் பின்தொடருங்கள்: நழுவியதா, மடங்கியதா, கட்டில் சக்கரத்தில் நசுங்கியதா.

உதடும் மூக்கும் காய்ந்தால் வாசலின் தடவத் தோன்றும். வேண்டாம். பெட்ரோலியக் களிம்பும் எண்ணெயும் ஆக்சிஜன் பக்கத்தில் எளிதில் தீப்பிடிக்கக்கூடியவை. நீர் அடிப்படையிலான களிம்பு கேட்டு வாங்குங்கள்.

4. தண்ணீர்ப் பையின் மேல் எப்போதும் ஒரு கண்

ஹை ஃப்ளோ இயந்திரம் எவ்வளவு தண்ணீர் குடிக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. 37 டிகிரியில் ஈரம் நிறைந்த ஒரு லிட்டர் காற்றில் 44 மில்லிகிராம் நீர் இருக்கும். நிமிடத்துக்கு 60 லிட்டர் என்றால் மணிக்குச் சுமார் 160 மில்லி. ஒரு லிட்டர் பை ஆறு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் வரும். 40 லிட்டரில் ஒன்பது, பத்து மணி நேரம். இரவு பத்து மணிக்கு அரைப் பையோடு விட்டால் விடியுமுன் காலி. எங்களுக்கு அப்படித்தான் ஆனது. விடியற்காலை மூன்று மணிக்கு அப்பா மூக்கு எரிகிறது என்று எழுந்தார். நீர்க்கலம் வறண்டுகிடந்தது. அன்றிலிருந்து பையின் மேல் மாட்டிய நேரத்தை எழுதச் சொன்னோம்.

பை கலத்தைவிட உயரத்தில் தொங்க வேண்டும், அப்போதுதான் தானாக இறங்கும். கிருமி நீக்கிய நீர் மட்டுமே. சலைன் பையை மாட்டிவிடக் கூடாது, பார்க்க இரண்டும் ஒன்று போலவே இருக்கும். பை மாற்றும்போது பெயரை நீங்களும் ஒரு முறை படித்துவிடுங்கள்.

இயந்திரம் நோயாளியின் தலையைவிடத் தாழ்ந்த இடத்தில் இருக்கட்டும். குழாயில் சேரும் நீர்த்துளிகள் கலத்துக்கே திரும்பும். உயரத்தில் இருந்தால் நீர் மூக்குக்குள் தெறிக்கும், தூக்கத்தில் புரையேறும். குழாயில் தண்ணீர் கொடகொடவென்று சத்தம் போட்டால் நர்ஸிடம் சொல்லுங்கள். குளிர்கிறது என்று குழாயைப் போர்வைக்குள் செருகாதீர்கள், அதற்குள் சூடாக்கும் கம்பி இருக்கிறது.

சாதாரண கேனுலாவில் குமிழி வரும் பாட்டில் இருந்தால் நீர் இரண்டு கோடுகளுக்கு இடையில் நிற்க வேண்டும், தினமும் மாற்றப்பட வேண்டும். குழாயில் ஓட்டம் இருந்தும் குமிழி வரவில்லை என்றால் பெரும்பாலும் மூடி சரியாகத் திருகப்படாமல் காற்று வெளியே கசிகிறது.

5. மூச்சை எண்ணுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், இதை வைத்துக்கொள்ளுங்கள்.

பெரியவர்களுக்கு ஓய்வில் மூச்சு நிமிடத்துக்கு 12 முதல் 20. வயிறோ மார்போ ஒரு முறை ஏறி இறங்குவது ஒன்று. முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். எண்ணுகிறேன் என்று அவரிடம் சொல்லாதீர்கள், சொன்னால் மூச்சு மாறிவிடும். 25க்கு மேல் போனால் சொல்லுங்கள். 30 தாண்டினால் காத்திருக்காதீர்கள்.

எண் மட்டும் அல்ல. கழுத்துத் தசைகள் இழுக்கின்றனவா? மூச்சை இழுக்கும்போது வயிறு வெளியே வராமல் உள்ளே போகிறதா? ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் முடிக்க முடியவில்லையா? வியர்த்து, உதடு நீலம் பாய்கிறதா? பேச்சு குழறுகிறதா? இன்னொன்றும் உண்டு, நாங்கள் தப்பாகப் புரிந்துகொண்டது: இதுவரை திணறியவர் திடீரென்று அமைதியாகித் தூங்குகிறார், எழுப்பினால் சரியாக எழவில்லை. அது நிம்மதியான தூக்கமாக இல்லாமல், கரியமில வாயு ஏறியதாலோ களைத்துப்போனதாலோ இருக்கலாம். இவற்றில் எது தெரிந்தாலும் அந்த நிமிடமே கூப்பிட வேண்டும்.

மருத்துவர்கள் பயன்படுத்தும் ராக்ஸ் குறியீடு என்று ஒன்று உண்டு. சாச்சுரேஷனை ஆக்சிஜன் விகிதத்தால் வகுத்து, வருவதை மூச்சு எண்ணிக்கையால் வகுப்பது. சாச்சுரேஷன் 94, ஆக்சிஜன் 60 சதவீதம், மூச்சு 26 என்றால்: 94ஐ 0.6ஆல் வகுத்தால் 156.7, அதை 26ஆல் வகுத்தால் சுமார் 6. நிமோனியா நோயாளிகளில் ஹை ஃப்ளோ தொடங்கிய 2, 6, 12 மணி நேரங்களில் இது 4.88 அல்லது அதற்கு மேல் இருந்தால் வென்டிலேட்டர் தேவைப்படும் வாய்ப்பு குறைவு. அதே நபருக்குச் சாச்சுரேஷன் 92, ஆக்சிஜன் 80 சதவீதம், மூச்சு 34 என்றால் 3.4 வரும். அது கவலைக்குரிய எண். நீங்களே கணக்குப் போட்டு முடிவுக்கு வர இதைச் சொல்லவில்லை. மருத்துவர் ரவுண்டு வரும்போது "ராக்ஸ் எப்படிப் போகிறது?" என்று ஒரு கேள்வி கேட்டால், பதில் தெளிவாக வரும். எனக்கு அந்தக் கேள்விதான் பேச்சைத் திறந்துவிட்டது.

நான்கு மணி நேரத்துக்கு ஒரு வரி எழுதுங்கள்: நேரம், வேகம், ஆக்சிஜன் சதவீதம், சாச்சுரேஷன், மூச்சு. ஒரு சிறு நோட்டு போதும். ஷிப்டு மாறி வருகிற மருத்துவருக்கு அது மிகவும் உதவியது.

6. ஸ்கேனுக்கோ வேறு வார்டுக்கோ அழைத்துப் போகும்போது

பல ஹை ஃப்ளோ இயந்திரங்களில் பேட்டரி கிடையாது. ஏர்வோ 2 அப்படிப்பட்டது. பிளக்கை எடுத்தால் நின்றுவிடும். போகிற வழிக்கு வேறு ஏற்பாடு வேண்டும், பெரும்பாலும் பை வைத்த முகக்கவசமும் சிலிண்டரும். கட்டில் நகர்வதற்கு முன் மூன்று கேள்விகள் கேளுங்கள்: சிலிண்டரில் எவ்வளவு இருக்கிறது? போய்வர எவ்வளவு நேரம்? அங்கே காத்திருக்க வேண்டியிருந்தால் சுவரில் ஆக்சிஜன் இணைப்பு உண்டா?

கணக்கு எளிது. சிலிண்டரின் நீர்க்கொள்ளளவை அழுத்தத்தால் பெருக்கினால் உள்ளே இருக்கும் லிட்டர். 10 லிட்டர் சிலிண்டரில் அழுத்தம் 150 பார் என்றால் 1,500 லிட்டர். 15 லிட்டர் வேகத்தில் 100 நிமிடம். மானியில் 50 பார்தான் இருக்கிறது என்றால் 33 நிமிடம், அதிலும் கடைசிப் பகுதியை நம்பக் கூடாது. அப்பாவை ஸ்கேன் அறை வாசலில் நாற்பது நிமிடம் நிறுத்திவைத்தார்கள். மானியின் முள் சிவப்புக்கு வந்ததை நான் பார்த்தது தற்செயல்தான்.

திரும்பி வந்ததும் இயந்திரம் மறுபடி சூடேற நேரம் எடுக்கும், 37 டிகிரிக்கு அரை மணி வரைகூட ஆகலாம். அவர் திரும்பி வருவதற்கு முன்பே ஓட்டிவைக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

7. சாப்பாடும் படுக்கையும்

வேகமாக காற்று போகும்போது விழுங்குவது கடினம், புரையேறினால் நுரையீரலுக்குள் போகும். வாய்வழி எதையும் கொடுக்கும் முன் அனுமதி கேளுங்கள். கொடுக்கலாம் என்றால் நிமிர்ந்து உட்கார வைத்து, சிறிது சிறிதாக. சாப்பிடக் கேனுலாவைக் கழற்ற வேண்டாம்.

குப்புறப் படுக்கச் சொன்னால் முரண்டு பிடிப்பார்கள், ஆனால் பலருக்கு அது பலன் தருகிறது. மார்புக்கும் இடுப்புக்கும் தலையணை கொடுத்து, குழாய் நசுங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். கழிவறைக்கு நடக்கவிடாதீர்கள். அந்தப் பத்தடிதான் பலருக்குச் சாச்சுரேஷனை அடியோடு இறக்குகிறது.

8. கையெழுத்து, காகிதம், பில்

ஹை ஃப்ளோ தொடங்கும் நாளிலேயே, பகல் வெளிச்சத்தில், உட்கார்ந்து பேச வேண்டிய ஒன்று உண்டு: இது போதவில்லை என்றால் வென்டிலேட்டருக்குச் சம்மதமா? இந்த இயந்திரம் எண்களைத் தாங்கிப் பிடிப்பதால் நோய் முற்றுவது வெளியே தெரியாமல் போகலாம். தேவைப்படும்போது வென்டிலேட்டரைத் தள்ளிப்போடுவது ஆபத்தைக் கூட்டும். நள்ளிரவில் தூக்கக் கலக்கத்தில் ஒரு படிவத்தை நீட்டினால் யாராலும் யோசிக்க முடியாது. நோயாளி தெளிவாக இருக்கும்போது அவரிடமே கேளுங்கள். நாங்கள் தயங்கித் தயங்கிக் கேட்டோம். அப்பா "தேவைன்னா போடுங்க, ஆனா என்கிட்ட சொல்லிட்டுப் போடுங்க" என்றார். அந்த வார்த்தை எங்களுக்குப் பெரிய பலம். கையெழுத்துப் போடும் அதிகாரம் குடும்பத்தில் யாருக்கு, அவர் இல்லாதபோது யாருக்கு என்பதையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

பில்லில் இது ஒரே வரியாக வராது. இயந்திர நாள் வாடகை, ஆக்சிஜன், கேனுலா, குழாயும் நீர்க்கலமும் சேர்ந்த தொகுப்பு, நீர்ப் பைகள், ஒவ்வொரு ஏ.பி.ஜி.யும், ஐ.சி.யூ. கட்டில் என்று தனித்தனியாக ஏறும். முதல் நாளே கேளுங்கள்: ஆக்சிஜனுக்கு மணிக்கணக்கா, லிட்டர் கணக்கா? ஐ.சி.யூ. கட்டணத்தில் எது அடங்கும்? ஒரு முறை மட்டும் பயன்படுத்தும் பொருட்களைக் காப்பீடு ஏற்குமா? பல திட்டங்கள் அவற்றைக் கழித்துவிடும்.

பொருட்களுக்கு ஆயுள் உண்டு. பொதுவாகக் கேனுலா ஒரு வாரம், குழாய்-கலத் தொகுப்பு இரண்டு வாரம் என்ற அளவில் இருக்கும், துல்லியமான நாட்கள் பொட்டலத்திலேயே அச்சாகியிருக்கும். ஒரே வாரத்தில் மூன்று தொகுப்புக்குப் பில் வந்தால் ஏன் என்று மரியாதையாகக் கேட்கலாம். உண்மையான காரணமும் இருக்கலாம், தவறும் இருக்கலாம். காப்பீட்டு முன் அனுமதிக்கு, ஏன் சாதாரண ஆக்சிஜன் போதவில்லை என்ற மருத்துவரின் குறிப்பும், அன்றைய ஏ.பி.ஜி.யும், மார்பு எக்ஸ்ரே அறிக்கையும் தேவைப்படும். நகல் எடுத்து வையுங்கள்.

9. குறைக்கும் நாட்கள்

முதலில் ஆக்சிஜன் சதவீதத்தைக் குறைப்பார்கள், 40 அளவுக்கு வந்ததும் வேகத்தைக் குறைப்பது பல இடங்களில் வழக்கம். இறங்குவதும் மறுபடி ஒரு படி ஏறுவதும் சகஜம். மனம் உடையாதீர்கள். சாதாரண கேனுலாவுக்கு மாற்றிய முதல் இரவில் கட்டாயம் யாராவது விழித்திருங்கள்.

10. வீட்டுக்குப் போகும் முன் கையில் இருக்க வேண்டியவை

"வீட்டில் ஆக்சிஜன் வையுங்கள்" என்று வாய்மொழியாகச் சொன்னால் போதாது. சீட்டில் எழுதி வாங்குங்கள்: ஓய்வில் எத்தனை லிட்டர், நடக்கும்போது எத்தனை, தூங்கும்போது எத்தனை, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம், இலக்குச் சாச்சுரேஷன் என்ன, எந்த எண்ணில் திரும்பி வர வேண்டும். நாள்பட்ட தேவை உள்ளவர்களுக்கு நாளுக்குக் குறைந்தது 15 மணி நேரம் என்பார்கள். ஓய்வில் அறைக்காற்றில் சாச்சுரேஷன் 88 அல்லது அதற்குக் கீழே, அல்லது தமனி ரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் 55 மி.மீ. பாதரசம் அல்லது அதற்குக் கீழே என்ற அளவுகோலைப் பல இடங்களில் கேட்பார்கள். அதைக் காட்டும் அறிக்கை தேதியோடு வேண்டும்.

டிஸ்சார்ஜுக்கு ஒரு நாள் முன்பே கருவி வீட்டில் இருக்க வேண்டும், ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். எங்களை விடுமுறைக்கு முந்தைய மாலையில் அனுப்பினார்கள், கருவி மறுநாள்தான் வந்தது. ஓர் இரவு முழுக்கக் கடன் வாங்கிய சிலிண்டரின் முள்ளைப் பார்த்தபடியே கழிந்தது. கருவி வரும்வரை டிஸ்சார்ஜைத் தள்ளிவைக்க முடியுமா என்று தயங்காமல் கேளுங்கள்.

11. கான்சென்ட்ரேட்டரா, சிலிண்டரா?

இரண்டும் வேண்டும். கான்சென்ட்ரேட்டர் அன்றாடத்துக்கு, சிலிண்டர் மின்சாரம் போனால்.

கான்சென்ட்ரேட்டர் அறைக்காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிரித்துவிட்டு 90 சதவீதத்துக்கு மேல் ஆக்சிஜன் தருகிறது. 5 லிட்டர், 10 லிட்டர் என்று வரும். 3 லிட்டர் தேவைப்படுபவருக்கு 5 லிட்டர் கருவி போதும். 5 தேவைப்பட்டால் 10 வாங்குங்கள், எப்போதும் எல்லையிலேயே ஓட்டினால் தூய்மை குறையக்கூடும். வாடகைக்கு எடுக்கும்போது, ஓடிய மணிக்கணக்கைக் காட்டும் மானியைப் படம் எடுங்கள். தூய்மையை அளந்து காட்டச் சொல்லுங்கள். வரிசை எண், முன்பணம் திரும்பும் விதம், பழுதானால் எத்தனை மணி நேரத்தில் மாற்றுக் கருவி என்பவற்றை ஒப்பந்தத்தில் எழுத வையுங்கள். ஒரு சில வாரத் தேவைக்கு வாடகை, மாதக்கணக்கில் போகும் என்றால் விலைக்கு வாங்குவதையும் கணக்கிட்டுப் பாருங்கள்.

மின்செலவை யாரும் சொல்வதில்லை. 5 லிட்டர் கருவி சுமார் 350 வாட் இழுக்கும். நாள் முழுக்க ஓடினால் எட்டு யூனிட்டுக்கு மேல். எக்ஸ்டென்ஷன் வயரில் மாட்டாதீர்கள். சுவரிலிருந்தும் திரையிலிருந்தும் ஓர் அடி தள்ளி வையுங்கள். பின்பக்கப் பஞ்சு வடிகட்டியை வாரம் ஒரு முறை கழுவி, முழுக்கக் காயவைத்து மாட்டுங்கள்.

பெரிய பொறி ஒன்று: தோளில் மாட்டும் சிறு கருவிகள் பலவும் தொடர்ந்து காற்று விடுவதில்லை, மூச்சை இழுக்கும்போது மட்டும் ஒரு வீச்சு விடும். அதில் "2" என்ற நிலை நிமிடத்துக்கு 2 லிட்டர் அல்ல. தூக்கத்தில் வாயால் மூச்சு விடுபவருக்கு அது தூண்டப்படாமலே போகலாம். நாங்கள் முதலில் எடுத்தது அதுதான், இரண்டே இரவில் திருப்பிக் கொடுத்தோம். மருத்துவரிடம் கருவியின் பெயரைச் சொல்லிக் கேட்காமல் எடுக்காதீர்கள்.

எத்தனை லிட்டர் போகிறது என்று காட்டும் ஃப்ளோ மீட்டரில் உருண்டை மிதந்தால் அதன் நடுப்பகுதி எந்தக் கோட்டில் நிற்கிறதோ அதுதான் அளவு. காற்று வருகிறதா என்று சந்தேகமா? கேனுலா முனையை ஒரு தம்ளர் தண்ணீரில் காட்டுங்கள், குமிழி வரும். துடைத்துவிட்டு மாட்டுங்கள்.

12. நெருப்பு

ஆக்சிஜன் தானாக எரியாது. ஆனால் சுற்றி இருக்கும் துணி, முடி, மெத்தை எல்லாவற்றையும் வெறிகொண்டு எரியவைக்கும். அடுப்பு, விளக்கு, ஊதுபத்தி எதுவும் மூன்று மீட்டருக்குள் வேண்டாம். அந்த வீட்டில் யாரும் புகைபிடிக்கக் கூடாது, கேனுலாவைக் கழற்றிவிட்டுப் புகைப்பதும் ஆபத்தே, ஏனெனில் உடையில் ஆக்சிஜன் தங்கியிருக்கும். சிலிண்டர் வால்வில் எண்ணெய்க் கை படக் கூடாது. சிலிண்டரை நிமிர்த்திச் சங்கிலியால் கட்டுங்கள். கேனுலாவைக் கழற்றினால் கருவியை அணைத்துவிட்டு வையுங்கள், ஓடவிட்டு மெத்தையில் போடாதீர்கள். குழாய் நீளமாக இருந்தால் முதியவர்கள் தடுக்கி விழுவார்கள், சுவரோரமாக ஓட்டி ஒட்டிவிடுங்கள்.

13. திரும்பிப் பரிசோதனை

மருத்துவமனையிலிருந்து ஆக்சிஜனோடு வந்தவர்களில் பலருக்கு அது என்றென்றைக்கும் தேவைப்படாது. 60 முதல் 90 நாட்களுக்குள் மறுபடி பரிசோதிக்க வேண்டும். டிஸ்சார்ஜ் ஆகும் அன்றே அந்தத் தேதியை வாங்கிக்கொள்ளுங்கள். போகும்போது டிஸ்சார்ஜ் சுருக்கம், கடைசி ஏ.பி.ஜி., வீட்டில் எழுதிய நோட்டு மூன்றையும் எடுத்துப் போங்கள். அங்கே ஓய்விலும் நடக்கவைத்தும் அளப்பார்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள். பகலில் 96 இருப்பவருக்கு நடையிலும் தூக்கத்திலும் இறங்கலாம்.

அப்பாவுக்கு 74ஆம் நாள் பரிசோதனை. ஆறு நிமிடம் நடந்தார், 93க்குக் கீழே போகவில்லை. நிறுத்தலாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தச் சீட்டின் நகலை வாடகைக்குக் கொடுத்தவரிடம் கொடுத்து, மணிமானியை மறுபடி படம் எடுத்து, கருவி திரும்பப் பெற்றதற்கு ரசீது வாங்கிக்கொண்டோம். முன்பணம் வர இன்னும் சில வாரம் ஆனது. அந்த ரசீது இல்லாவிட்டால் வந்திருக்காது.